ஹோர்சன்ஸுக்கு வந்த மழைக்காடு

இன்று சனிக்கிழமை. பக்கத்து வீட்டுக்காரர் காலையிலிருந்து தன் பழைய சைக்கிள் கொட்டிலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். யன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. அவர் ஒரு பலகையைக் குறுக்கே அறுத்தார். அடுத்த கணம் அந்த வாசம் உள்ளே வந்துவிட்டது. புதிதாகச் சீவிய பென்சிலின் வாசம்; அதற்குள் கொஞ்சம் மிளகு, கொஞ்சம் ஈரம். கத்தியை வைத்துவிட்டு வெளியே போனேன். மழையிலும் வெயிலிலும் கிடந்து சாம்பல் நிறமாகிப்போன பலகை. அறுத்த முகம் மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தது. விறகுக்கு வேண்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றேன். எனக்கு உம்முடைய நினைவு வந்துவிட்டது என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? அதனால் உமக்கே எழுதுகிறேன்.

டென்மார்க்கின் இந்த ஊரில் நீர் எங்கள் மரக்கிடங்குக்கு வேலைக்கு வந்த முதல் நாள் எனக்கு நல்ல ஞாபகம். ஃபோர்க் லிஃப்ட் ஓட்ட ஒரு பெண் வருகிறாளாம் என்று ஆண்கள் எல்லாரும் கோப்பிக் கோப்பையோடு கதவடியில் நின்றார்கள். நீர் ஐந்தடி உயரம்கூட இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட தலையணை ஒன்றை இருக்கையில் வைத்து, அதன்மேல் ஏறி இருந்து, கப்பலிலிருந்து வந்த பெரிய கட்டு ஒன்றைக் கீறல் விழாமல் தூக்கி வைத்தீர். "பயமில்லையோ?" என்று நான் கேட்டேன். "மன்னாரில ட்ராக்டர் ஓட்டினனான். இது முன்னுக்குக் கொம்பு வைச்ச ட்ராக்டர், அவ்வளவுதான்" என்றீர்.

நான் அப்போதுதான் அலுவலகத்தில் மேசைக்கு வந்திருந்தேன். பதினொரு வருடம் அதே கட்டடத்தைத் துடைத்துக் கூட்டினேன். பின்னேர வகுப்புகளுக்குப் போய் டேனிஷும் கணினியும் படித்து, நான் துடைத்த மேசைகளிலேயே ஒன்றில் வந்து இருந்தேன். வருகிற மரத்தின் பத்திரங்களைச் சரிபார்த்துக் கோப்பில் போடுவது என் வேலை. மரம் உம்முடைய கையில், அதன் கடதாசி என்னுடைய கையில். மத்தியானத்தில் இருவரும் ஒரே மேசையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்போம். வெள்ளிக்கிழமைகளில் நான் மச்ச மாமிசம் சாப்பிடமாட்டேன். தவக்காலம் வந்தால் நீரும் இறைச்சியை விட்டுவிடுவீர். "வெள்ளி எண்டால் உம்மட சாமியும் என்ர சாமியும் ஒண்டுபட்டிடுவினம்" என்று சிரிப்பீர்.

கனடாவின் மேற்குக் கரையிலிருந்து வரும் அந்தச் சிவப்பு மரத்துக்கு இங்கே சொல்லும் பெயர் நம் காதில் 'சீடர்' என்றுதான் விழும். அது போதுமே உமக்கு. லொறி வந்து நின்றால் அலுவலக யன்னலைத் தட்டி, "பன்னிரண்டு கட்டுச் சீடர் வந்திருக்கினம். யூதாஸ் எந்தக் கட்டுக்குள்ள எண்டு பாத்துத்தான் இறக்கவேணும்" என்பீர். டேனிஷ்காரர்களுக்கு நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று கடைசிவரை விளங்கவில்லை.

நம்முடைய தமிழ்ச் சங்கத்துக்கு ஊர் எல்லையில் மண்டபம் கட்டத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். இவர், என் வீட்டுக்காரர், நிர்வாகக் குழுவில் இருந்தார். வெளிச்சுவருக்கு என்ன பலகை போடுவது என்று கேள்வி வந்தபோது, மரம் தெரிந்த ஆள் என்று எல்லாரும் உம்மைத்தான் பார்த்தார்கள். "சீடரைப் போடுங்கோ. இந்த ஊர் மழைக்கு அதுதான் தாக்குப்பிடிக்கும். பெயின்ற் வேண்டாம், உக்காது" என்றீர். மறுபேச்சு இல்லை. முதலில் முன்சுவருக்கு, பிறகு மற்ற மூன்று பக்கத்துக்கும் என்று முடிவாயிற்று.

முன்சுவருக்கான பலகையும் வாசலுக்கு நான்கு தடித்த தூண்களும் ஒரு ஐப்பசி மாதத்தில் வந்து இறங்கின. கையெழுத்து வாங்க நான் கிடங்குக்குள் வந்தேன். நீர் ஒரு தூணின் வெட்டுமுகத்துக்கு முன்னால் குந்தி இருந்தீர். தாலிக்கொடியில் எப்போதும் தொங்கும் ஊக்கு ஒன்று கையில் இருந்தது.

"என்ன, உடுப்புக் கிழிஞ்சு போச்சே?" என்றேன்.

"கதைக்காதையும். எண்ணிக்கை பிழைச்சிடும்."

ஊக்கின் முனையால் ஒவ்வொரு வளையமாகத் தொட்டுப் போனீர். மரத்தில் வளையம் அகலமென்றால் கெதியாக வளர்ந்தது, நெருக்கமென்றால் மெதுவாக வளர்ந்தது என்று எனக்குச் சொல்லித் தந்தது நீர்தான். அந்தத் தூணில் வளையங்கள் நூல் நூலாக இருந்தன. கடைசியில் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினீர்.

"இருநூறு தாண்டியிட்டுது. இன்னும் நடு வரேல்லை. இந்தப் பக்கம் பட்டையும் இல்லை. மரத்தில ஒரு துண்டுதான் இது."

"அப்ப முழு மரத்துக்கும் என்ன வயசு?"

"ஆருக்குத் தெரியும்? இது எங்க நிண்ட மரம் எண்டு பேப்பரில போட்டிருக்கும். பாத்துச் சொல்லும்."

பத்திரம் என் கையில்தான் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கின் பெயர் தெளிவாக அச்சடித்திருந்தது. காலையில்தான் அதைப் பார்த்திருந்தேன். இருந்தும் பக்கங்களைப் புரட்டுவதுபோல் புரட்டிவிட்டு, "கனடா எண்டுதான் கிடக்கு. வேற ஒண்டும் இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இவ்வளவு பழைய மரம் நின்ற இடம் தெரிந்தால், அதை ஏன் வெட்டினார்கள் என்று கேட்காமல் நீர் சும்மா இருக்கமாட்டீர் என்று தெரியும். மேஸ்டரிடம் போவீர். மேஸ்டர் என்று நாங்கள் எல்லாரும் கூப்பிட்ட அந்த மேலாளர் கெட்டவர் இல்லை. ஆனாலும் பத்திரத்தை யார் காட்டியது என்று ஒரு வார்த்தை கேட்டால் என் பெயர்தானே வரும். அந்த மேசைக்கு வர எனக்குப் பதினொரு வருடம் எடுத்தது. நீர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி" என்று சொல்லி வண்டியில் ஏறிப் போனீர்.

மூன்று நாள் போயிற்று. மத்தியானத்தில் நீர் வழமைபோல மரக்கறிக் கட்லட்டை எடுத்து என் பெட்டி மூடியில் வைத்தீர். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீர் பூசை முடிந்து வந்திருப்பீர் என்று கணக்குப் பார்த்து, மழைக்குள் சைக்கிளை மிதித்துக்கொண்டு உம் வீட்டுக்கு வந்தேன். "பிறகு வடிவாத் தேடிப் பாத்தன். இடம் கிடந்தது" என்று இரண்டாவது பொய்யையும் சொல்லி, பெயர் எழுதிய துண்டைத் தந்தேன்.

உம் மகள் அதைக் கணினியில் தேடிப் பார்த்தாள். அவள் வழமைபோல டேனிஷில் பேச, நீர் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தீர். அது மழைக்காடு என்றாள் அவள்.

"மழைக்காடு எண்டால் வெக்கை நாட்டில எல்லே இருக்கும்? அது குளிர் இடமடி."

குளிர் நாட்டிலும் இருக்கிறதாம் என்று அவள் வாசித்துச் சொன்னாள். கடலிலிருந்து வரும் முகில் மலையில் முட்டி வருடம் முழுதும் மழையாகப் பெய்யுமாம். மரங்களுக்குமேல் பாசி, பாசிக்குமேல் பன்னச் செடிகள், விழுந்த மரத்தின் முதுகில் புதுக் கன்றுகள். ஒரு தரமும் வெட்டப்படாத காடு. அதற்குள் நூற்றாண்டு நூற்றாண்டாக நிற்கிற மரங்கள். பிறகு ஒரு வீடியோ வந்தது. மலைப்பாதையில் மரம் வெட்டவிடாமல் ஆட்கள் குறுக்கே இருக்கிறார்கள். லொறிகள் வரிசையாக நிற்கின்றன. அந்த மண்ணின் பூர்வ குடிகளில் ஒரு மனுசி, நம்முடைய வயதுதான் இருக்கும், மழை உடுப்போடு மடக்குக் கதிரையில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு அடிக்கட்டை. அதன்மேல் உம்முடைய ஃபோர்க் லிஃப்டை நிறுத்தலாம், அவ்வளவு அகலம். அந்த அடிக்கட்டையின் முகம் சிவப்பாக இருந்தது.

மகள் வீடியோவை நிறுத்தினாள். நீர் அதை இன்னொரு தரம் போடச் சொன்னீர். முடிந்ததும், "நான்தான் சீடரைப் போடச் சொன்னனான்" என்றீர். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் சங்கக் கூட்டம். கட்டி முடியாத மண்டபத்திலேயே கதிரை போட்டு இருந்தோம். நீர் எழுந்து, மற்ற மூன்று சுவருக்கும் சீடர் வேண்டாம், இங்கே யூட்லாந்திலேயே நட்டு வளர்த்த லார்ச் மரம் இருக்கிறது, அதைப் போடுவோம் என்றீர். ஏன் என்று கேட்டார்கள். சொன்னீர். முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியபிறகு சத்தம் எழும்பியது.

தலைவர் சொன்னார்: "பிள்ளை, நீர்தானே இதைப் போடச் சொன்னனீர்?"

"ஓம், நான்தான். தெரியாமல் சொன்னனான். இப்ப தெரியும்."

"வெட்டின மரம் வெட்டினதுதானே? நாங்கள் வேண்டாம் எண்டால் அது திரும்ப எழும்பி நிக்குமே?"

"நிக்காது அண்ணை. நான் வெட்டாத மரத்தைப் பற்றித்தான் கதைக்கிறன். நாங்கள் ஓடர் குடுத்தபிறகுதானே அதை வெட்டப் போகினம்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழும்பினார். அவருடைய குரல் நடுங்கியது. கோபத்தில் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. "வீடு வளவு எல்லாத்தையும் விட்டிட்டு வந்த சனம் நாங்கள். எங்களுக்காக ஆர் ரோட்டில இருந்தவை? உமக்கு இப்ப மரம் பெரிசாப் போச்சோ?"

நீர் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்.

"நானும் விட்டிட்டு வந்தனான்தான், அண்ணை. எங்கட வளவைப் பிறகு ஆர் ஆரோ பிடிச்சு, மரமெல்லாம் வெட்டிக்கொண்டு போயிட்டினம். வாங்கின ஒருத்தரும் இது ஆரின்ர வளவில நிண்ட மரம் எண்டு கேட்டிருக்கமாட்டினம். அதாலதான் நான் கேக்கிறன்."

அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. ஆனால் உமக்கு ஆதரவாகவும் ஒருவரும் பேசவில்லை. நான் இவருக்குப் பக்கத்தில் இருந்தேன். எழும்பி, "அவ சொல்லுறது உண்மை, நானும் அந்தப் பேப்பரைப் பாத்தனான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீர் ஒரு தரம் என் பக்கம் பார்த்தீர். நான் செருப்பைப் பார்த்தேன். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. காரில் வரும்போது இவர், "அவ கேட்டதில பிழை இல்லைத்தானே?" என்றார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீர் என்னைக் கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். திங்கட்கிழமை மத்தியானம் என் மேசைக்கு வந்து ஒரு கடதாசியை நீட்டினீர். "மேஸ்டருக்கு எழுதியிருக்கிறன். என்ர டேனிஷ் நொண்டும். திருத்தித் தாரும். உம்மட பேர் வேண்டாம்." அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து இனி மரம் எடுக்கவேண்டாம், வருகிற ஒவ்வொரு கட்டுக்கும் அது நின்ற இடத்தை எழுதச் சொல்லுங்கள், இது இரண்டும்தான் அதில் இருந்தது. கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. நான் எழுத்துப்பிழைகளைத் திருத்தித் தட்டச்சுச் செய்து தந்தேன். நீர் அதைக் கிடங்கில் ஒவ்வொருவரிடமும் கொண்டுபோனீர். முதல் நாள் கோப்பிக் கோப்பையோடு கதவடியில் நின்றவர்கள்தான். வாசித்தார்கள், நீர் எண்ணிய தூணைப் போய்ப் பார்த்தார்கள், சிலர் தாங்களும் எண்ணிப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மேல் கையெழுத்து வைத்தார்கள். கடதாசி மேஸ்டரிடம் போவதற்கு முன் நான் அதைத் திருப்பி வாங்கி, எல்லாருக்கும் கீழே என் பெயரையும் எழுதினேன். நீர் பேனையை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டீர்.

மேஸ்டர் உம்மை இருக்கச் சொல்லி முழுவதையும் கேட்டார். ஒன்றும் வாக்குக் கொடுக்கமுடியாது என்றார். பனி வந்து போனது. நாங்கள் எல்லாம் மறந்துவிட்ட ஒரு நாளில் அவரே கிடங்குக்கு இறங்கி வந்து, அந்தப் பள்ளத்தாக்கின் மரம் இனி வராது, மற்றக் கட்டுகளுக்கும் இடம் எழுதித்தான் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். நீர் வண்டியை நிறுத்தாமலே தலையாட்டினீர். அலுவலக யன்னலிலிருந்து நான் பார்த்தேன். அதற்குப் பிறகு பலகைக் கட்டு வரிசை ஒன்றின் மறைவில் நிறுத்தி, கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் தலையை வைத்திருந்தீர்.

சங்கத்திலும் பேச்சு மாறியது. யார் மாற்றினார்கள் என்று தெரியாது. பின்வரிசையில் எழும்பிய அந்த மனிதர் அடுத்த கூட்டத்தில், "லார்ச்சையும் ஒருக்காப் பாப்பம்" என்றார். முன்சுவருக்கு வந்த சீடர் முன்சுவரிலேயே இருந்தது. மற்ற மூன்று பக்கத்துக்கும் லார்ச் போட்டோம். திறப்பு விழாவில் ஒரு பக்கம் சிவப்பு, மூன்று பக்கம் மஞ்சள். இரண்டு நிற மண்டபம் என்று கொஞ்சக் காலம் பகிடி பண்ணினார்கள். சில மாரிகளுக்குப் பிறகு எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல் நிறம். இப்போது கேட்டால் எந்தச் சுவர் எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

அந்தப் பள்ளத்தாக்கின் கதையையும் நீர் விடவில்லை. உம் மகளை அடிக்கடி தேடிப் பார்க்கச் சொல்வீர். ஒரு பக்கத்து மலையில் வெட்டுவதை நிறுத்தி வைத்தார்கள். மற்றப் பக்கத்தில் வெட்டி முடித்துவிட்டார்கள். எங்கள் கடதாசிக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்ததா என்று நான் கேட்டேன். "இருக்காது. சின்னக் கிடங்கு நாங்கள். ஆனால் எங்கட பங்குக்கு ஒரு லொறி குறைஞ்சிருக்கும்" என்றீர். அதில் உமக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

பிறகு நோய் வந்தது. ஹோர்சன்ஸ் ஆஸ்பத்திரியில் உம்மைப் பார்க்க வேலை முடிந்து நேரே வருவேன். மெலிந்துபோயிருந்தீர், குரல் மட்டும் அப்படியே. ஒரு பின்னேரம் உமக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது, அதைச் சொல்லாமல் உம்மை அனுப்பக்கூடாது என்று தோன்றியது.

"அண்டைக்கு இடம் எழுதேல்லை எண்டு சொன்னது பொய். நான் பாத்தனான்."

"தெரியும்" என்றீர்.

"தெரியுமோ?"

"நீர் பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டெல்லே வாசிச்சனீர்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பிறகேன் கேக்கேல்லை?"

"கொஞ்ச நாள் பாப்பம் எண்டு இருந்தன். திங்கட்கிழமையும் வாய் திறக்காட்டிச் சண்டை பிடிச்சிருப்பன். நீர் ஞாயிறே வந்திட்டீர்." பழத்தில் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "புளிக்குது" என்றீர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

உம்முடைய இறுதிப் பூசைக்கு மேஸ்டர் கறுப்பு உடுப்போடு வந்திருந்தார். கிடங்கில் எல்லாரும் வந்தார்கள். நம் பாட்டு ஒன்றும் விளங்காமல், எழும்பும்போது எழும்பி, இருக்கும்போது இருந்தார்கள்.

போன மாதம் நடந்ததை உமக்குச் சொல்லவேண்டும். மேஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்தவர் கெட்டிக்காரர், எதிலும் அவசரம். வேறொரு நாட்டிலிருந்து ஒரு லொறி பைன் மரம் வந்தது. பத்திரத்தில் நாட்டின் பெயர் மட்டும் இருந்தது, இடம் இல்லை. நான் வேறு பக்கத்தில் இருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. சாரதி கையெழுத்துக்குக் காத்து நின்றார். புதியவர், பரவாயில்லை, வையுங்கள் என்றார். இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவரோடும் எதிர்த்துப் பேசியதில்லை என்பது உமக்குத் தெரியும். இந்த மரம் எங்கே நின்றது என்று தெரியாமல் வைக்கமாட்டேன் என்று டேனிஷில் சொன்னேன். பாதிச் சொல் வெளியே வரவில்லை. அவர் திரும்பக் கேட்டார். திரும்பச் சொன்னேன்.

அவருக்கு எரிச்சல். தொலைபேசி எடுத்தார். இங்கே கேட்டு, அங்கே கேட்டு, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. சாரதி மூன்று கோப்பை கோப்பி குடித்தார். எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கடைசியில் பதில் வந்தது: மரத்துக்கென்றே நட்டு வளர்த்த தோட்டம், வரிசை வரிசையாக நட்டது, ஒரு குற்றமும் இல்லை. புதியவர் என்னைப் பார்த்து, இப்போது திருப்தியா என்று கேட்டார். கிடங்கில் யாரோ சிரித்தார்கள். ஆம், நன்றி என்று சொல்லி, இடத்தின் பெயரை என் கையாலேயே பத்திரத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

எனக்கு இன்னும் பயம்தான். அடுத்த லொறி செவ்வாய்க்கிழமை வருகிறது. அதற்கும் கேட்பேன்.